பழைய லென்ஸில் பூ அலங்காரம்: படம் பிழைத்தால் எங்கே பார்ப்பது

படம் பிழைத்தால் பழி முதலில் லென்ஸின் மேல்தான் விழுகிறது. ஐம்பது வருடத்துச் சாமான், கண்ணாடி கெட்டிருக்கும் என்று கழற்றத் தொடங்கிவிடுவார்கள். ஹீலியோஸ், தக்குமார் போன்ற பழைய லென்ஸைப் பிரித்து மறுபடி பூட்டும்போதுதான் உண்மையான கேடு உள்ளே போகிறது. முதலில் அடப்டரை (பழைய லென்ஸை இன்றைய கமராவில் பூட்டும் வளையத்தை) பாருங்கள், அடுத்து கமராவின் அமைப்பு, பிறகு வெளிச்சம். கண்ணாடியைக் கடைசியில் பார்க்கலாம். கீழே உள்ள ஒவ்வொரு குறையும் இந்த ஒழுங்கில்தான் ஆராயப்படுகிறது.

பேச்சு பெரும்பாலும் எம்42 (42 மி.மீ. அகலத் திருகு) லென்ஸ்களைப் பற்றியது. ஹீலியோஸ் 44-2 (58 மி.மீ., எஃப் 2), சூப்பர் தக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4, ஜூப்பிற்றர்-37ஏ (135 மி.மீ., எஃப் 3.5) ஆகிய மூன்றும் பூ வேலைக்கு நன்றாக உதவும். (மி.மீ. என்பது குவியத் தூரம்; எஃப் எண் சிறிதானால் ஒளி புகும் திறப்பு பெரிது.) வாசல் தோரணம், நிறைகுடம், பொங்கல் பானைக்கு முதல் இரண்டு. வசந்த மண்டபத்துச் சாத்துப்படியை (சுவாமி அலங்காரத்தை) ஆட்களுக்குப் பின்னால் நின்று எடுக்க 135.

ஷட்டர் விழவே இல்லை

அடப்டரில் மின்தொடர்பு இல்லை. ஆகவே மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கமரா தன்னிடம் லென்ஸே இல்லை என்று நினைக்கிறது. மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டரை விடு’ என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும். சோனியிலும் ஃபூஜியிலும் கனன் ஆர் வரிசையிலும் இடம் மட்டும்தான் மாறும். அதை இயக்கிவிட்டு, மனுவல் அல்லது அப்பச்சர் (ஒளி புகும் திறப்பு) முன்னுரிமை முறையில் வையுங்கள். திரையில் எஃப் எண் 00 என்றோ கோடாகவோ தெரிந்தால் அது பிழையல்ல.

நிக்கோனின் டி3000, டி5000 வரிசைச் சிறிய டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே ஆடியுள்ள கமராக்களில்) இந்த லென்ஸ்களுக்கு ஒளி அளவீடும் வேலை செய்யாது. மனுவலில் ஒரு படம் எடுத்து, ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தை) பார்த்துத் திருத்துவதுதான் வழி.

எல்லாப் படமும் எஃப் 2இல் எடுத்ததுபோல் இருக்கிறது

ஹீலியோஸ் 44-2இல் அப்பச்சருக்கு இரண்டு வளையம். முன்வளையம் ‘டிக் டிக்’ என்று எண்ணில் நிற்கும். அது எல்லையை மட்டும் குறிக்கிறது. உண்மையில் அப்பச்சரின் உலோக இலைகளை மூடுவது வழுக்கிச் சுற்றும் மற்ற வளையம். முன்வளையத்தை 4இல் வைத்துவிட்டு மற்றதைச் சுற்ற மறந்தால் லென்ஸ் முழுதாகத் திறந்தே கிடக்கும்.

தக்குமாரில் கோளாறு வேறு இடத்தில். பக்கத்தில் ‘ஏ’, ‘எம்’ என்று ஒரு சிறு நெம்பு உண்டு. அது ‘எம்’மில் நிற்க வேண்டும். நெம்பே இல்லாத பிற்கால எம்42 லென்ஸ் என்றால், பின்னால் துருத்தும் சிறு ஊசியை அழுத்திப் பிடிக்கும் உள்விளிம்பு கொண்ட அடப்டர் வாங்க வேண்டும். விளிம்பில்லாத அடப்டரில் அப்பச்சர் மூடாது.

கிட்டத்துப் பூ தெளிகிறது, தூரத்துக் கோபுரம் தெளியவில்லை

எம்42 லென்ஸ் சென்சரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும் என்று செய்யப்பட்டது. சோனி ஈ கமராவின் சொந்தத் தூரம் 18 மி.மீ. ஆகவே அடப்டரின் தடிப்பு 27.46 மி.மீ. வர வேண்டும். நிக்கோன் இசட்டுக்கு 29.46, கனன் ஆர்எஃப்புக்கு 25.46, ஃபூஜி எக்ஸுக்கு 27.76. வெர்னியர் கலிப்பரால் அளந்து பாருங்கள்: லென்ஸ் வந்து குந்தும் முகத்திலிருந்து கமராவில் குந்தும் முகம் வரை.

தடிப்பு கூடினால் என்ன நடக்கும் என்று கணக்கிடலாம். குவியத் தூரத்தை அதனாலேயே பெருக்கி, கூடிய தடிப்பால் வகுக்க வேண்டும். 58 மி.மீ. லென்ஸில் அடப்டர் 0.1 மி.மீ. மட்டும் தடித்திருந்தாலும் ஃபோகஸ் கிட்டத்தட்ட 33 மீற்றரோடு நின்றுவிடும். ஒரு கடதாசித் தடிப்புத்தான் அந்த வித்தியாசம்.

தொலைபேசிக் கோபுரத்தையோ நிலவையோ திரையில் பெருப்பித்துப் பாருங்கள். வளையம் கடைசிக்கு வருமுன்னே தெளிந்தால் அடப்டர் கொஞ்சம் மெல்லியது. பல அடப்டர்களை வேண்டுமென்றே அப்படித்தான் செய்கிறார்கள், தூரக் குறியீடு பொய் சொல்லும் என்பதைத் தவிர நட்டமில்லை. கடைசி வரை சுற்றியும் தெளியாவிட்டால், வேறொரு எம்42 லென்ஸை அதே அடப்டரில் போடுங்கள். இரண்டும் தெளியாவிட்டால் அடப்டர். ஒன்று மட்டும் என்றால் அந்த லென்ஸை யாரோ பிரித்து, ஃபோகஸ் திருகை வேறு புரியில் ஏற்றியிருக்கிறார்கள்.

நிக்கோன் டிஎஸ்எல்ஆரில் இது அடப்டர் மாற்றித் தீரும் குறையல்ல. அதன் தூரம் 46.5 மி.மீ., ஆகவே எம்42 லென்ஸ் எப்படியும் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் முன்தள்ளித்தான் நிற்கும். 50, 58 மி.மீ. லென்ஸ்களில் இரண்டு மூன்று மீற்றருக்கு அப்பால் தெளியாது. இதைத் தீர்க்கவென்று உள்ளே கண்ணாடி வைத்த அடப்டர்கள் விற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை படத்தின் கூர்மையைக் கெடுக்கும். நிறைகுடமும் மாலையும்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் கண்ணாடி இல்லாத மலிவானதே மேல். கனன் டிஎஸ்எல்ஆருக்கு 44 மி.மீ. என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. ஃபுல் பிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சர்) கனனில் மட்டும் சில லென்ஸ்களின் பின்பகுதி உள்ளேயுள்ள ஆடியில் முட்டும், முதல் தடவை ஃபோகஸைக் கிட்டத்தில் வைத்து மெல்லச் சோதியுங்கள்.

ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் மங்கல்

சப்பறத்தையோ தோரண வாசலையோ நேரே நின்று எடுத்தும் இடது ஓரம் தெளிந்து வலது ஓரம் கரைந்தால், லென்ஸைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். ‘கடகட’ என்று அசைந்தால் அடப்டர் சாய்ந்து நிற்கிறது. லென்ஸ் எம்42 திருகில் கடைசி வரை இறுகியதா என்பதே முதல் சோதனை. அதன் பிறகும் அசைந்தால் கமராப் பக்கத்துப் பற்களைப் பாருங்கள். சில அடப்டர்களில் அந்தப் பற்களில் வெட்டு இருக்கும். மெல்லிய தட்டை ஸ்குறூ டிரைவரால் வெட்டை மயிரிழை அளவு விரித்தால் இறுகும். வெட்டு இல்லாவிட்டால் அந்த அடப்டரை விட்டுவிடுங்கள். ஒட்டுநாடா சுற்றி ஒப்பேற்றினால் திருவிழா நெரிசலில் லென்ஸ் விழும்.

லென்ஸ் இறுகியும் குறியீடுகள் மேலே வராமல் பக்கவாட்டில் நின்றால், அடப்டரின் விளிம்பில் மூன்று சிறு திருகுகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அவற்றைத் தளர்த்தி உள்வளையத்தைத் திருப்பி, மூன்றையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் உள்வளையம் சாயும்.

திரையில் கூர்மை, கணினியில் மங்கல்

ஃபோகஸ் பீக்கிங் (கூர்மையான விளிம்புகளைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் வசதி) நிறத்தை முதலில் பாருங்கள். செவ்வரத்தை மாலையில் சிவப்புப் பீக்கிங் தெரியாது, செவ்வந்தியில் மஞ்சள் தெரியாது. வெள்ளை அல்லது நீலம் வையுங்கள். அப்படி வைத்தாலும் எஃப் 2இலும் எஃப் 1.4இலும் பீக்கிங்கை நம்ப முடியாது. இந்த லென்ஸ்கள் முழுத் திறப்பில் விளிம்புகளைச் சுற்றி மெல்லிய ஒளிக் கசிவை விடும், பீக்கிங் அதையும் கூர்மை என்று எண்ணும். திரையைப் பெருப்பித்து, முன்னால் நிற்கும் இதழின் விளிம்பில் ஃபோகஸ் வையுங்கள்.

எந்த எஃப் எண்ணில் எடுக்கப்போகிறீர்களோ அதிலேயே ஃபோகஸும் செய்ய வேண்டும். அகலத் திறக்கும் பழைய லென்ஸ்களில் அப்பச்சரை மூடும்போது கூர்மைத் தளம் சற்றுப் பின்னே நகரும். எஃப் 1.4இல் தெளிந்த மல்லிகை மொட்டு எஃப் 2.8இல் மங்கி, பின்னாலுள்ள நார் தெளிந்து நிற்பது இதனால்தான்.

கமராவுக்குள்ளே நடுக்கம் நீக்கும் வசதி இருந்தால், குவியத் தூரத்தை நீங்களே கொடுக்க வேண்டும். 58 என்றால் 58. ஏபிஎஸ்-சி கமராவிலும் (ஃபுல் பிரேமைவிடச் சிறிய சென்சர்) ஒன்றரை மடங்காக்கி 87 என்று கொடுக்கக்கூடாது. முன்பு 135 என்று கொடுத்ததை மாற்ற மறந்து 58 போட்டால், கமரா அளவுக்கு மீறிச் சென்சரை அசைத்துத் தானே நடுக்கத்தை உண்டாக்கும்.

இவை எல்லாம் சரி என்றால் காற்று. வைகாசி முதல் புரட்டாசி வரை சோளகம் வீசும் காலத்தில் தொங்கும் தோரணமும் சரமும் ஒரு நொடிகூட நில்லா. 1/250க்குக் கீழே போகாதீர்கள், நுனியில் கட்டிய பூவுக்கு 1/500. விடியற்காலையில், காற்று எழுமுன் போவது இதைவிட மேல்.

செவ்வரத்தையும் கார்த்திகைப்பூவும் ஒரே சிவப்புக் கட்டியாக வருகின்றன

இதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, அடப்டரும் அல்ல. சென்சரின் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிட்டது. கமராவின் சாதாரண ஒளி அளவீடு மூன்று நிறத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் ‘சரியான வெளிச்சம்’ என்று சொல்லும். இதழின் நரம்பும் மடிப்பும் அதற்குள்ளேயே அழிந்திருக்கும். கார்த்திகைப்பூவில் நுனிச் சிவப்பிலிருந்து அடி மஞ்சளுக்கு நிறம் இறங்கும் இடம்தான் அதன் வடிவு. முதலில் அழிவதும் அந்த இடம்தான்.

மூன்று நிற ஹிஸ்டோகிராமைத் திரையில் போடுங்கள். சிவப்பு வரைபடம் வலது சுவரில் மோதினால் வெளிச்சத்தை 2/3 முதல் 1 ஸ்ரொப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்ரொப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). நேர் வெயிலில் சில நேரம் 1 1/3 வரையும் தேவைப்படும். ரோ கோப்பாக (கமரா நிறம் திருத்தாத மூலக் கோப்பாக) எடுங்கள். ஜேபெக் மட்டும்தான் என்றால் நிறத் தோற்றத்தை ‘நடுநிலை’யில் வைத்து, நிறச்செறிவை ஒரு படி இறக்குங்கள். ‘விவிட்’ போன்ற அமைப்பு இந்தப் பூக்களுக்கு ஆகாது. முடிந்தால் பூவுக்கும் வெயிலுக்கும் நடுவே வெள்ளை வேட்டித் துணியை ஒற்றை மடிப்பாகப் பிடித்து வெளிச்சத்தை மென்மையாக்குங்கள். செய்த மாற்றங்களில் இதுதான் படத்தில் அதிகம் தெரியும்.

கொன்றையிலும் இதே கதை, அங்கே சிவப்பும் பச்சையும் சேர்ந்து நிரம்பும். நித்தியகல்யாணியின் வெள்ளையும் மல்லிகையும் இருண்ட மண்டபப் பின்னணியில் ஊதா விளிம்பு கட்டினால் அது நிற வழிவு அல்ல, லென்ஸின் இயல்பு. எஃப் 4க்கு மூடினால் பெரும்பாலும் மறையும்.

(கார்த்திகைப்பூச் செடி முழுவதும் நஞ்சு, கிழங்கில் அது மிகுதி. படத்துக்காகக் கொடியை வளைத்துக் கட்டினால் கையைக் கழுவுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் விடாதீர்கள்.)

படம் முழுக்க வெண்புகை படர்ந்ததுபோல்

ஒரே தோற்றத்துக்கு ஐந்து காரணம் இருப்பதால் இதில்தான் அதிகம் மினக்கெட வேண்டும். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போங்கள்.

கையால் மறைத்துப் பாருங்கள். லென்ஸின் மேல் வெயில் விழாதவாறு உள்ளங்கையைப் பிடித்ததும் புகை போய்விட்டால் அது பக்க ஒளி. பழைய ஒற்றைப் பூச்சுக் கண்ணாடிக்கு இது இயல்பு. 49 மி.மீ. றப்பர் வெயில்மறைப்பு (ஹூட்) ஒன்று ஹீலியோஸுக்கும் தக்குமாருக்கும் பொருந்தும். விளக்குச் சுடரே படத்துக்குள் இருந்தால் மறைப்பு உதவாது. வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலிலோ கார்த்திகை விளக்கீட்டிலோ எடுக்கும்போது, வடிகட்டிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சுடரை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். சுடரின் பிம்பம் நடுப்புள்ளிக்கு எதிர்ப்பக்கத்தில் விழும். அந்த இடத்தில் பூ இல்லாதபடி நில்லுங்கள்.

அடுத்தது அடப்டரின் உட்சுவர். எஃப் 11க்கு மூடும்போது படத்தின் நடுவில் வெளிறிய வட்டம் வந்தால், அடப்டரின் உட்புறப் பளபளப்பிலோ சென்சருக்கும் பின்கண்ணாடிக்கும் இடையிலோ ஒளி தெறிக்கிறது. உட்சுவருக்குக் கறுப்பு வெல்வெட் ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். பளபளப்பில்லாத கறுப்பு மையும் பூசலாம், முழுக்கக் காய இரண்டு நாள் விட வேண்டும். திருகுப் புரியிலும் கமரா குந்தும் முகத்திலும் மை படக்கூடாது. அதன் பிறகும் வட்டம் வந்தால் எஃப் 8ஐத் தாண்டாதீர்கள்.

மூன்றாவது, முன்கண்ணாடியில் படிந்த படலம். கற்பூரப் புகையும் எண்ணெய் விளக்கும் ஒரு திருவிழாவிலேயே மெல்லிய கரியைப் படிய வைக்கும். தெளித்த பன்னீர் துளி காய்ந்தால் வட்டக் கறை நிற்கும். சால்வைத் தலைப்பாலோ வேட்டி நுனியாலோ துடைக்காதீர்கள். துணியில் ஒட்டியிருக்கும் திருநீற்றுத் துகள் பழைய பூச்சை அராவிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு நுண்ணிழைத் துணியில் இரண்டு துளி லென்ஸ் திரவம் விட்டு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுற்றித் துடைக்க வேண்டும். திரவத்தை நேரே கண்ணாடியில் விட்டால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும்.

நான்காவதும் ஐந்தாவதும் கண்ணாடிக்குள்ளே இருக்கின்றன. அப்பச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து ரோர்ச் லைற்றைச் சரித்து அடித்து, முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளைவிட்டால் பூஞ்சை. சீரான பால்நிறப் படலமானால், ஃபோகஸ் திருகில் பூசிய கொழுப்பு (கிரீஸ்) சூட்டில் ஆவியாகி உள்ளே படிந்தது. விளிம்பில் வானவில் நிறத்தில் திட்டுகள் தெரிந்தால் கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுக்கொண்டிருக்கிறது, அது படத்தில் தெரிய வெகுகாலம் ஆகும், தொடாதீர்கள். ஓரத்தில் சின்னப் பூஞ்சை நூல் ஒன்றிரண்டும் படத்தைக் கெடுக்காது. நடுவிலே பரவிய பூஞ்சையையும் பால்படலத்தையும் லென்ஸ் திறக்கும் பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள். வெயிலில் காயவைத்தால் பூஞ்சை சாகலாம், தடம் போகாது.

எல்லாம் மஞ்சள் பூசியதுபோல்

சூப்பர் தக்குமார் 50 எஃப் 1.4இன் ஏழு கண்ணாடி வகையில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அது காலப்போக்கில் தேநீர் நிறமாகும். வெள்ளைக் கடதாசியின் மேல் லென்ஸை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். புறஊதா ஒளி இதைத் தெளிவிக்கும். 365 முதல் 395 நனோமீற்றர் எல்ஈடி விளக்கைப் பின்கண்ணாடியின் மேல் வைத்து, முன்பக்கத்தின் கீழே அலுமினியத் தாளை விரித்து, நாள்கணக்கில் விட வேண்டும். வெயிலிலும் செய்யலாம் என்பார்கள். பங்குனி சித்திரை வெயிலில் லென்ஸ் சுட்டு உள்ளிருக்கும் கொழுப்பு இளகி இலைகளுக்கு ஓடும். தாள் இல்லாமல் வைத்தால் குவிந்த ஒளி கீழேயுள்ள துணியை எரிக்கும். ஆகவே விளக்கே நல்லது. இந்தக் கண்ணாடியின் கதிர்வீச்சு சிறிது, பயன்படுத்தலாம். உடைக்கவோ தேய்க்கவோ கூடாது.

லென்ஸ் தெளிவாக இருந்தும் நிறம் மாறினால் மேலே பாருங்கள். நீலத் தறப்பாளின் கீழே வெள்ளைப் பூ நீலமாகத்தான் வரும். அலங்காரத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் கடதாசியை வைத்துக் கமராவின் வெண்சமநிலையை அதில் பதிவு செய்யுங்கள். வெள்ளை கட்டிய மண்டபமும் கிடுகுப் பந்தலும் இந்த வகையில் நல்லவை.

மின்குமிழ் அலங்காரத்தில் படத்தின் குறுக்கே வரிகள்

இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், குமிழ் நொடிக்கு 100 தடவை மின்னும். மின்னணு ஷட்டரை நிறுத்தி, இயந்திர ஷட்டரில் 1/50 அல்லது 1/100 வையுங்கள். ஜெனரேற்றரில் ஓடும் இரவுத் திருவிழாவில் குமிழ் மின்னும் வேகம் தளம்பும், அப்போது 1/50 பாதுகாப்பானது. ஓடி ஓடி எரியும் சரக்குமிழ்களுக்கு இதுவும் போதாமல் போகலாம், 1/25 வரை இறங்கித் தூணில் சாய்ந்து எடுங்கள்.

ஹீலியோஸின் சுழல் பின்னணி வரவில்லை

மங்கிய பின்னணி பூவைச் சுற்றிச் சுழல்வதுபோல் தெரியும் அந்தச் சுழல், படத்தின் ஓரங்களில்தான் பிறக்கிறது. ஏபிஎஸ்-சி சென்சர் அந்த ஓரத்தை வெட்டிவிடும். 0.71 மடங்கு குறுக்கும் கண்ணாடி கொண்ட அடப்டர் ஓரத்தைத் திரும்பக் கொண்டுவரும். ஃபுல் பிரேமிலும் வராவிட்டால் தூரங்கள் பிழை. எஃப் 2, பூ 1 முதல் 1.5 மீற்றரில், பின்னணி 4 முதல் 6 மீற்றரில். பின்னணியில் சிறு சிறு ஒளிப்புள்ளி வேண்டும்: பின்னேர வெயில் ஊடுருவும் வேம்பு அல்லது புளி. வெள்ளைச் சுவரின் முன்னே எந்த ஹீலியோஸும் சுழலாது.

கிட்டப் போக முடியவில்லை

ஹீலியோஸ் 0.5 மீற்றருக்குள் தெளியாது. ஃபுல் பிரேமில் அது 23 செ.மீ. அகலக் காட்சி, குளத்துத் தாமரை ஒன்றுக்குப் போதும். மல்லிகைச் சரத்தின் முடிச்சுக்குப் போதாது. 7, 14, 28 மி.மீ. என்று மூன்று துண்டாக வரும் எம்42 நீட்டுக்குழாயில் 14ஐ லென்ஸுக்கும் அடப்டருக்கும் இடையே திருகுங்கள். கிட்டத்து எல்லையில் காட்சி அகலம் 9 செ.மீ. ஆகும், ஒளி ஒரு ஸ்ரொப் குறையும், லென்ஸின் முகம் பூவுக்கு ஏறத்தாழ ஒரு சாண் தூரத்தில் நிற்கும். எஃப் 5.6க்கு மூடுங்கள். தூரம் தெளியாதே என்று கவலைப்பட வேண்டாம், குழாய் இருக்கும்வரை தெளியாதுதான்.

துளி வேண்டும் என்று பூவில் நீர் தெளிப்பதானால் மழைநீரைப் பாவியுங்கள். வன்னியில் பல கிணற்று நீர் கடினமானது, காய்ந்ததும் இதழில் வெள்ளைப் புள்ளி விடும். அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு லென்ஸில் தூசு என்று தேடுவார்கள்.

அப்பச்சர் இலைகள் எண்ணெயாய் மினுங்குகின்றன

கோடையில் மூடிய வாகனத்துக்குள் விட்ட லென்ஸில் இது வரலாம். ஹீலியோஸ் 44-2இல் இலைகளைக் கையால் மூடுவதால் எண்ணெய் பெரிய தடையல்ல. தக்குமாரில் இலைகள் சுருள்வில்லின் இழுப்பில் மூடுபவை, ஒட்டிக்கொண்டு சோம்பும். நெம்பை ‘எம்’மில் வைத்து எடுக்கும்வரை அங்கேயும் சமாளிக்கலாம்.

மாரிக்கு முன்னே, ஐப்பசி பிறக்கும்போதே, காற்றுப் புகாத 10 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டியில் 100 கிராம் செம்மஞ்சள் சிலிக்கா ஜெல்லும் சிறு ஈரப்பதமானியும் வைத்து லென்ஸ்களை உள்ளே இடுங்கள். 40 முதல் 50 வீதம் போதும். அரிசியைப் போடாதீர்கள், தவிட்டுத் தூசு ஃபோகஸ் திருகுக்குள் போகும். ஜெல் நிறம் மாறியதும் 110 முதல் 120 பாகை செல்சியஸில் ஒன்றிரண்டு மணி நேரம் சூடாக்கி, நன்றாக ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். மழையில் நனைந்து வந்த லென்ஸை அன்றிரவே அந்தப் பெட்டிக்குள் மூடாதீர்கள். மூடிகளைக் கழற்றி, மின்விசிறிக் காற்றில் விடியும்வரை வைத்துவிட்டு அடுத்த நாள் வையுங்கள்.